மேகம் போர்வையா?

என்னுடைய நாவல் ஒன்றில் கொல்லிமலைக்கு நான் ஒரு போர்வை போர்த்திவிட்டேன். கதாநாயகன் விடியற்காலையில் பஸ்ஸை விட்டு இறங்கி மலையை அண்ணாந்து பார்க்கிறான். 'மேகம் என்னும் வெள்ளைப் போர்வைக்குள் மலை இன்னும் தூங்கிக்கொண்டிருந்தது' என்று எழுதினேன். எழுதியபோது எனக்கு அது பிடித்திருந்தது. அச்சில் பார்த்தபோது இன்னும் அதிகமாகப் பிடித்திருந்தது. கதை தொடராக வந்த நாட்களில் இரண்டு மூன்று வாசகர்கள் அந்த வரியைக் குறிப்பிட்டுப் பாராட்டிக்கூட எழுதினார்கள்.

அதற்கு அடுத்த வாரம் ஒரு தபால் கார்டு வந்தது. எழுதியவர் கொல்லிமலையில் பெரக்கரை நாட்டைச் சேர்ந்த ஒரு பள்ளி ஆசிரியர். "ஐயா, தங்கள் கதையை எங்கள் வீட்டில் எல்லோரும் படிக்கிறோம். ஒரு சந்தேகம். போர்வை போர்த்திக்கொண்டால் குளிர் குறைய வேண்டும். எங்கள் ஊரில் மேகம் இறங்கினால் குளிர் கூடுகிறது. மேகம் இறங்குகிற சமயத்தில் தாங்கள் இங்கே வந்திருக்கிறீர்களா?" இவ்வளவுதான் கடிதம்.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. கவிதையைத் தராசில் வைத்து நிறுத்துப் பார்க்கிறவர்களோடு என்ன பேசுவது என்று கார்டை மேஜை இழுப்பறையில் போட்டுவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி இழுப்பறையில் கிடக்க மறுத்தது. மேகம் இறங்குகிற சமயத்தில் நான் அங்கே போனதே இல்லை. ஒரு சித்திரை மாதத்து நடுப்பகலில் போய், அன்று மாலை பஸ்ஸிலேயே திரும்பியவன் நான். அன்று வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. அப்படியானால் அந்தப் போர்வை எங்கிருந்து வந்தது? மலையிலிருந்து வரவில்லை. நான் படித்த நூறு கதைகளிலிருந்து வந்தது. ஒருவர் எழுதியதை இன்னொருவர் எடுத்துப் போர்த்தி, அவரிடமிருந்து நான் வாங்கிப் போர்த்தியிருந்தேன். பலர் போர்த்திக் கந்தலான போர்வை!

உண்மையை ஒப்புக்கொண்டு ஆசிரியருக்குப் பதில் எழுதினேன். "ஐப்பசியில் வாருங்கள்" என்று மறுபடி கார்டு வந்தது. போனேன்.

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் வழியாகக் காரவள்ளி அடிவாரத்துக்கு வந்தால், அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். அந்த வளைவுகளைப் பற்றி எழுதாதவர் கிடையாது. நானும் எழுத வேண்டாம். கொல்லிமலையில் 'நாடு' என்பது பல சிற்றூர்கள் சேர்ந்த ஒரு பகுதி. வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, குண்டூர் நாடு, தின்னனூர் நாடு என்று பல நாடுகள் இருக்கின்றன. பெரக்கரை நாடு அவற்றில் ஒன்று. ஆசிரியரின் வீடு ஒரு சரிவின் விளிம்பில் இருந்தது. முற்றத்தின் கோடியில் ஒரு பலாமரம். அதற்கு அப்பால் பள்ளம். பள்ளத்துக்கு எதிரே இன்னொரு சரிவில் வயல்கள் படிப்படியாக இறங்கிப் போயின.

மாலை நாலு மணி இருக்கும். ஆசிரியரின் தகப்பனார் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். உள்ளே பார்த்து, "கொடியிலே கெடக்கிற துணியை எடுத்துப் போடுங்க" என்றார். நான் வானத்தைப் பார்த்தேன். வெயில் நன்றாகத்தான் அடித்துக்கொண்டிருந்தது.

"மழை வருமா, ஐயா?" என்று கேட்டேன்.

"மழை இல்லைங்க. மேகம் எறங்கப் போகுது. ஆடு தானா வீட்டுக்குத் திரும்பிடுச்சு, பாத்தீங்களா?"

கால் மணி நேரம்கூட ஆகவில்லை. எதிர்ச் சரிவைக் காணோம். பிறகு பள்ளத்தைக் காணோம். அதன் பிறகு பலாமரம் அடியிலிருந்து நுனிவரை ஒரே சமயத்தில் மங்கி மறைந்தது. ஒரு துளி மழை இல்லை. ஆனால் என் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டிக்கொண்டது. வீட்டுக்குள் உப்பு கசிந்தது. தீக்குச்சி மூன்று தடவை கிழித்தும் பற்றவில்லை. முற்றத்தில் யாரோ இருமினார்கள். யார் என்று தெரியவில்லை. அன்று இரவு எனக்கு நிஜமான கம்பளிப் போர்வை ஒன்று கொடுத்தார்கள். அதைப் போர்த்திக்கொண்ட பிறகுதான் மேகத்துக்கும் போர்வைக்கும் உள்ள வித்தியாசம் எனக்குச் சந்தேகமறத் தெரிந்தது.

மறுநாள் காலையில் இன்னொரு பாடமும் கிடைத்தது. ஆசிரியரின் தாயார் காப்பி கொண்டு வந்து வைத்தார். "மலை தூங்கிட்டு இருந்துச்சுன்னு எழுதினது நீங்கதானா? அந்நேரத்துக்கு நாங்க தூங்கிட்டு இருந்தா மாடு யாருங்க கறக்கிறது?" என்று சிரித்தபடி கேட்டார். நானும் சிரித்தேன், ஆனால் அந்தச் சிரிப்பு தொண்டையில் நின்றுவிட்டது. வெறும் அழகுக்காக ஒரு போர்வையைப் போட்டபோது, அதன் அடியில் வேலை செய்துகொண்டிருந்த மனிதர்களையும் சேர்த்து மூடிவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

உவமை என்பது அலங்காரம்தானே, அதில் இவ்வளவு நியாய அநியாயம் உண்டா என்று வாசகர்கள் கேட்கலாம். உண்டு என்றே இப்போது நினைக்கிறேன். நான் தமிழைப் பல்கலைக்கழகத்தில் படித்தவன் அல்ல. கல்லூரியில் இரண்டு வருஷம் இருந்துவிட்டுப் பட்டம் வாங்காமல் வெளியே வந்தவன். ஆகவே இலக்கணம் பேசத் தயக்கமாக இருக்கிறது. ஆனாலும் தொல்காப்பியர் உவமையைப் பற்றிச் சொல்லும் ஒரு விஷயத்தை இங்கே நினைவூட்டியே ஆகவேண்டும். ஒரு பொருளை இன்னொன்றோடு ஒப்பிடுவதற்கு அவர் நான்கு ஆதாரங்களைச் சொல்லுகிறார்: செய்கிற வினை, விளைகிற பயன், வடிவமாகிய மெய், நிறமாகிய உரு. என் போர்வை வெள்ளை நிறத்தில் மட்டும் மேகத்தோடு ஒத்துப்போனது. பயனில் அதற்கு நேர் எதிர். தபால் கார்டு எழுதிய ஆசிரியர் அந்தச் சூத்திரத்தை மனத்தில் வைத்து எழுதினாரோ என்னவோ. சூத்திரம் சொல்கிற இடத்தில்தான் கை வைத்தார்.

வானிலையைக் கவிதையில் கொண்டுவருவது மற்ற எதைக் கொண்டுவருவதையும்விடக் கடினம். ஒரு மரத்துக்கு உருவம் இருக்கிறது; ஒரு முகத்துக்கு இருக்கிறது. காற்றுக்கு என்ன உருவம்? அது எதை அசைக்கிறதோ அதை வைத்துத்தான் காற்றைப் பார்க்க முடியும். குளிருக்கு நிறம் இல்லை. மூடுபனியோ, மற்றவற்றின் உருவத்தை அழிப்பதையே தொழிலாகக் கொண்டது. ஆகவே கவிஞன் வேறு ஏதாவது ஒன்றைக் கடன் வாங்கித்தான் தீரவேண்டும். கடன் வாங்குவதில் தவறில்லை. எதைக் கொடுத்து எதை வாங்கினோம் என்பதுதான் கேள்வி.

விஞ்ஞானியும் இந்தக் கடனுக்குத் தப்பவில்லை. லண்டனில் லூக் ஹோவர்டு என்று ஒருவர் இருந்தார். மருந்துச் சரக்குகள் தயாரிக்கும் தொழில் செய்தவர். 1802-இல் அவர் ஒரு சிறு சபையில் மேகங்களை வகை பிரித்துப் பெயர் வைத்துக் கட்டுரை படித்தார். இன்றுவரை உலகமெங்கும் வழங்குகிற மேகப் பெயர்கள் அதிலிருந்து வந்தவை. அந்த லத்தீன் பெயர்களுக்கு அர்த்தம் என்ன தெரியுமா? ஒன்றுக்குச் சுருள்மயிர், இன்னொன்றுக்குக் குவியல், மற்றொன்றுக்கு விரிப்பு! ஜெர்மானிய மகாகவி கதே அவரைப் பாராட்டிக் கவிதைகள் எழுதினார். 'விரிப்பு இருக்கலாம், போர்வை இருக்கக்கூடாதா?' என்று நான் ஆசிரியரிடம் வாதாடிப் பார்த்தேன். "அவர் வெளியே நின்று பார்த்துப் பெயர் வைத்தார், சார். வெளியே நின்று பார்த்தால் அது சரிதான். நீங்கள் கதாநாயகனை ஊருக்குள்ளே அல்லவா அனுப்புகிறீர்கள்?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. உவமை சொல்லுகிறவன் எந்த இடத்தில் நிற்கிறான் என்பது உவமையின் பாதி அர்த்தம்.

பழைய தமிழ்ப் புலவர்கள் எங்கே நின்றார்கள் என்று பார்க்கலாம். தூரத்தில் போகவேண்டாம், கொல்லிமலையையே எடுத்துக்கொள்வோம். இந்த மலையில் ஒரு பாவை உண்டு, தெய்வம் அமைத்தது அது என்று சங்கப் பாட்டுக்கள் சொல்லுகின்றன. நற்றிணையின் 201-ஆம் பாட்டு பரணருடையது. ஒருவன் ஒரு குறவர் பெண்ணின்மேல் மனம் வைத்துவிட்டான். அவள் கிடைக்கமாட்டாள், மறந்துவிடு என்று தோழன் புத்தி சொல்லுகிறான். அதற்கு அவன் பதில்: கொல்லிமலையில் பலாவும் அருவியும் நிறைந்த பக்கத்தில் ஒரு பாவை இருக்கிறது, காற்று மோதினாலும், மழை வெறிகொண்டு பொழிந்தாலும், இடி விழுந்தாலும், நிலமே அதிர்ந்தாலும் அதன் வடிவம் குலையாது, அதுபோல அவள் என் நெஞ்சை விட்டுப் போகமாட்டாள். பாட்டின் பொருளை என் வசனத்தில் சொல்லியிருக்கிறேன். மூலத்தின் அழகு இதில் இல்லை.

இதில் பரணர் என்ன செய்திருக்கிறார் என்று கவனிக்க வேண்டும். மழை எப்படி இருந்தது என்று அவர் ஒரு உவமை சொல்லவில்லை. வெள்ளிக் கம்பி என்றோ முத்துச் சரம் என்றோ சொல்லவில்லை. காற்று, மழை, இடி என்று ஒவ்வொன்றாக வேலைக்கு அனுப்புகிறார். அவை வந்து அடித்துவிட்டுத் தோற்றுப் போகின்றன. கடைசியில் அசையாமல் நிற்பது ஒரு பெண்ணின் நினைவு. மழைக்காக உவமை வரவில்லை. உவமைக்காக மழை வந்திருக்கிறது. அந்த ஊர்த் திண்ணையில் உட்கார்ந்து இந்தப் பாட்டைப் படித்தபோது, ஒரு மாலை மேகத்துக்கே பலாமரம் காணாமல் போகிற இடத்தில், காணாமல் போகாத ஒன்று என்று சொல்லுவதற்கு எவ்வளவு பெரிய தைரியம் வேண்டும் என்று தோன்றியது. என் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து பலமுறை படித்தபோது அது தோன்றவில்லை.

இந்த மலையை ஆண்ட வல்வில் ஓரியைப் பற்றிய பாட்டு ஒன்று புறநானூற்றில் 204-ஆவது. பாடியவர் கழைதின் யானையார். அதில் ஓரியின் ஈகை, அளவு பார்க்காமல் பெய்கிற வானத்துக்கு ஒப்பாகச் சொல்லப்படுகிறது. வள்ளலை மழைக்கு ஒப்பிடுவது தமிழில் புதிது அல்ல. அரசர்களைப் பாடிய எத்தனையோ பேர் செய்திருக்கிறார்கள். ஆனால் இந்தப் பாட்டில் உவமைக்கு முன்னால் வருகிற விஷயம் முக்கியம். பரிசு கிடைக்காமல் திரும்புகிறவர்கள், தாங்கள் புறப்பட்ட நேரத்தையும் பார்த்த சகுனத்தையும் நொந்துகொள்வார்களே தவிர, கொடாதவரைப் பழிக்கமாட்டார்கள் என்று சொல்லிவிட்டுத்தான் புலவர் வானத்துக்கு வருகிறார். மழை பொய்த்த வருஷத்தில் விவசாயி எதை நொந்துகொள்கிறான்? தன் நேரத்தை. வானம் வாரி வழங்கும். சில சமயம் வழங்காமலும் போகும். இரண்டும் அந்த ஒரே உவமைக்குள் இருக்கின்றன. புகழ்வது போலப் புகழ்ந்து, வெறுங்கையோடு நிற்பதையும் சொல்லாமல் சொல்லிவிட்டார் என்றே எனக்குப் படுகிறது. பயனை வைத்து எழுந்த உவமை இது. பயன் கிடைக்காத போதும் உடைந்து போகாத உவமை.

இதைவிட ஆச்சரியம், உவமையே அதிகம் வேண்டாமல் குளிரைச் சொல்லிவிடுகிற கலை. நக்கீரர் பாடிய நெடுநல்வாடை 188 அடிகள் கொண்டது. அதன் தொடக்கத்தில் கூதிர் காலத்துக் குளிர் வருகிறது. குளிர் எதைப்போல இருந்தது என்பதல்ல, அது என்ன செய்தது என்பதே அங்கே பேச்சு. வெள்ளத்துக்குத் தப்பி மேட்டு நிலம் ஏறிய இடையர்கள் நெருப்பில் கையைக் காய்ச்சியும் நடுங்குகிறார்கள். விலங்குகள் மேய்ச்சலை மறக்கின்றன. குரங்கு கூனிக் குறுகுகிறது. பறவைகள் விழுகின்றன. கறவைப் பசு பால் குடிக்க வரும் தன் கன்றையே உதைத்துத் தள்ளுகிறது. ஊருக்குள்ளே பொழுது தெரியாமல், பூ மொட்டு விரிவதைப் பார்த்து மாலை வந்துவிட்டது என்று பெண்கள் அறிந்துகொள்கிறார்கள்.

கன்றை உதைக்கிற பசு ஒன்று போதாதா? தாய்மையையே மறக்கச் செய்கிற குளிர் என்று ஒரு சொற்பொழிவு செய்யலாம். நக்கீரர் அந்தச் சொற்பொழிவைச் செய்யவில்லை. பசுவைக் காட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார். பிறகு அதே குளிர் அரண்மனைக்குள் தனித்திருக்கும் அரசியிடமும், நள்ளிரவில் பாசறையில் புண்பட்ட வீரர்களைப் பார்த்து வருகிற அரசனிடமும் போகிறது. மாட்டுக்கும் மனிதருக்கும் மன்னனுக்கும் ஒரே வாடை. இருவருக்கும் இடையே உள்ள தூரத்தை அந்தக் காற்று அளந்து காட்டுகிறது.

குறிஞ்சி நிலத்துக்குக் கூதிர் காலத்தையும் நள்ளிரவையும் உரிய பொழுதாக வைத்திருக்கிறார்கள் நம் முன்னோர். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மலை நாட்டுக் காதலுக்கு வேனிலையோ நிலாக் காலத்தையோ வைத்திருக்கக் கூடாதா என்று பள்ளிக்கூடத்தில் படித்தபோது நினைத்ததுண்டு. பெரக்கரை நாட்டில் இரவு ஒன்பது மணிக்கு முற்றத்தில் இறங்கிப் பத்து அடி நடந்து பார்த்தேன். வழி தெரியவில்லை, கால் வைக்கிற இடம் தெரியவில்லை, திரும்பி வந்துவிட்டேன். இந்த இருட்டில், இந்தக் குளிரில், ஒருத்தியைப் பார்ப்பதற்காக ஒருவன் மலை வழியில் வருகிறான் என்றால் அவன் மனத்தைப் பற்றித் தனியாக ஒன்றும் சொல்லவேண்டியதில்லை. பொழுதைச் சொன்னாலே போதும். திணை வகுத்தவர்கள் பருவத்தைப் பின்னால் தொங்கவிட்ட திரையாக வைக்கவில்லை. 'போல' என்ற சொல் இல்லாமலே பருவம் அங்கே மனத்துக்கு உவமையாகிவிடுகிறது.

இவ்வளவு சொன்னால், வானத்துக்கு நேரே உவமை சொன்ன கவிகளை எல்லாம் நான் தள்ளிவைக்கிறேன் என்று நினைத்துவிடக்கூடாது. கம்பரைத் தள்ளிவிட்டு யார் பிழைக்க முடியும்? பாலகாண்டத்து ஆற்றுப்படலத்தில் மேகம் வெள்ளையாகக் கடலுக்குப் போகிறது. திருநீறு பூசிய சிவனைப் போல. நீரைக் குடித்துவிட்டுக் கறுத்துத் திரும்புகிறது; திருமாலைப் போல. நிறத்தை வைத்து எழுந்த உவமைகள்தான் இரண்டும். ஆனால் அந்த நிற மாற்றம் ஒரு சாட்சி. மேகம் எங்கே போயிற்று, என்ன செய்தது, எதைக் கொண்டு வருகிறது என்ற முழுக் கதையும் வெளுப்புக்கும் கறுப்புக்கும் நடுவில் இருக்கிறது. கறுத்த மேகத்தைக் கண்டால் உழவன் முகம் ஏன் மலர்கிறது என்பதும் அதில் இருக்கிறது. உருவை வைத்து ஆரம்பித்து வினையில் கொண்டு வந்து சேர்த்துவிடுகிறார்.

ஆண்டாள் இன்னும் ஒரு படி துணிந்தவள். திருப்பாவையின் நாலாவது பாசுரத்தில் மழையைக் கூப்பிடுகிறாள். மின்னல் திருமாலின் சக்கரம். இடி அவன் சங்கு. மழைத் தாரை அவன் வில்லிலிருந்து பாயும் அம்புகள். எங்கள் ஆசிரியரின் தராசில் இதை வைத்தால் என்ன ஆகும்? அம்பு கொல்லும், மழை வாழவைக்கும். பயன் முரண்படுகிறதே! நானும் இதைக் காட்டித்தான் தப்பிக்கப் பார்த்தேன். ஆனால் ஆண்டாளுக்கு அந்த முரண் தெரியும். அம்பு மழை என்று சொன்ன கையோடு, உலகம் வாழப் பெய்யவேண்டும் என்று கேட்டுவிடுகிறாள். கொல்லும் கருவி அவள் வாக்கில் பிழைக்கவைக்கும் கருவியாக மாறுகிறது. முரண்பாடு இருக்கலாம், கவிக்கு அது தெரிந்திருக்க வேண்டும். என் போர்வையில் இருந்த முரண் எனக்குத் தெரியாது. அதுதான் வித்தியாசம்.

காளிதாசனும் இப்படித்தான். மேகத்தைத் தூது அனுப்புகிற காவியத்தின் ஆரம்பத்திலேயே, புகையும் ஒளியும் நீரும் காற்றும் சேர்ந்த ஒரு பொருள் எங்கே, செய்தி கொண்டுபோகும் காரியம் எங்கே என்று அவனே கேட்டுவிடுகிறான். பிரிவால் தவிக்கிறவனுக்கு உயிருள்ளது இல்லாதது என்ற பேதம் தெரியாது என்று பதிலும் சொல்லிவிடுகிறான். வாசகன் தபால் கார்டு எழுதுவதற்கு முன்பே கவி தானே அந்தக் கார்டை எழுதிப் பதிலும் போட்டுவிட்டான்!

நம் காலத்துக்கு அருகில் பாரதியாரைப் பார்க்கலாம். நள வருஷம் கார்த்திகை மாதம், அதாவது 1916-இல், புயல் அடித்த ஓர் இரவைப் பற்றி அவர் ஒரு சிறு பாட்டு எழுதினார். அப்போது அவர் புதுச்சேரியில் இருந்தார். கணவனும் மனைவியும் பேசிக்கொள்வதாக அமைந்த பாட்டு. அதில் வானம் கோபம் கொள்கிறது. காற்று யமனாகவே வருகிறது. இவை யாரும் சொல்லக்கூடிய உருவகங்கள்தான். ஆனால் மனைவி ஒரு விஷயம் நினைக்கிறாள்: நேற்றுவரை நாம் வேறு வீட்டில் அல்லவா இருந்தோம், இந்த நேரத்தில் அங்கே இருந்திருந்தால் என்ன ஆகியிருப்போம்? இந்த ஒரு நினைப்பு வந்த பிறகு, காற்றை யமன் என்று சொன்னது வெறும் உருவகமாக நிற்கவில்லை. ஒரு நாள் வித்தியாசத்தில் தப்பிய குடும்பம் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. பழகிப்போன உருவகத்துக்கு உயிர் கொடுக்க ஒரு பழைய வீட்டின் நினைவு போதுமானதாக இருந்தது.

கவிதை என்ன, வானிலை அறிக்கையா என்று சில நண்பர்கள் என்னைக் கேட்டார்கள். இல்லைதான். ஒரு நாளில் 64.5 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் பெய்தால் கனமழை என்று வானிலைத் துறை கணக்கு வைத்திருக்கிறது. அந்தக் கணக்கு நேர்மையானது. தனக்குத் தெரிந்ததற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லாது. எவ்வளவு பெய்தது என்பதை அது சொல்லும். யார்மேல் பெய்தது, அப்போது அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதைக் கவிஞன் சொல்லவேண்டும். இரண்டையும் சொல்லாமல், வானம் நீலப் பட்டு, மேகம் பஞ்சுப் பொதி, பனி முத்துமாலை என்று ஜவுளிக் கடையும் நகைக் கடையும் வைக்கிறவர்கள் நாங்கள், கதை எழுதுகிறவர்கள். எங்களுக்கு அத்தியாயம் தொடங்க வேண்டும். அதற்கு ஒரு வானம் வேண்டும். அவசரத்துக்குக் கையில் அகப்பட்ட துணியை எடுத்து விரித்துவிடுகிறோம்.

மூன்றாம் நாள் நான் புறப்பட்டபோது பெரியவர் பஸ் நிற்கும் இடம்வரை வந்தார். "உங்க ஊர்ல மழை எந்தப் பக்கமிருந்துங்க வரும்?" என்று கேட்டார். இருபது வருஷமாக நான் குடியிருக்கிற ஊர் அது. எந்தப் பக்கத்திலிருந்து மழை வரும் என்று எனக்குத் தெரியவில்லை. "எல்லாப் பக்கமும் வரும், ஐயா" என்று மழுப்பினேன். அவர் மரியாதைக்குத் தலையை ஆட்டினார்.

நாவல் இரண்டாம் பதிப்பு வந்தபோது அந்தப் போர்வையை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் இப்படி எழுதினேன்: 'மேகம் இறங்கியிருந்தது. அவன் இறங்கிய பஸ் பத்தடி தள்ளி நின்றது, கண்ணுக்குத் தெரியவில்லை. இன்ஜின் சத்தம் மட்டும் கேட்டது. எங்கோ பக்கத்தில் பால் கறக்கும் ஓசை வந்தது.' முன்பு பாராட்டிய வாசகர்களில் ஒருவர், 'அந்த அழகான வரியை ஏன் எடுத்துவிட்டீர்கள்?' என்று வருத்தப்பட்டு எழுதினார். அவருக்குச் சொல்லவேண்டிய பதிலைத்தான் இவ்வளவு நீளமாக இங்கே எழுதியிருக்கிறேன்.

பெரக்கரை நாட்டு ஆசிரியருக்கும் ஒரு பிரதி அனுப்பினேன். பத்து நாளில் கார்டு வந்தது. "இப்போது சரியாக இருக்கிறது. அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். பால் கறக்கிற இடத்தில் சந்தோஷப்பட்டார்கள். ஆனால் கதாநாயகனின் சட்டை நனைந்ததைத் தாங்கள் எழுதவில்லையே?"

மூன்றாம் பதிப்பு வந்தால் நனைத்துவிடுவதாக எழுதியிருக்கிறேன்.